"எலக்ட்ரானைப் பார்த்திருக்கியா?" என்று கேட்ட பெரியப்பாவுக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பெரியப்பாவோடு பேச்சு வளர்ந்திருக்கிறது. அவருடைய பக்தியை நீங்கள் "ஆதாரமில்லாத நம்பிக்கை" என்று சொல்லப்போக, அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார்: "நீ எலக்ட்ரானைப் பார்த்திருக்கியா? எவனோ பார்த்தேன்னு எழுதி வச்சதை நீ நம்புறே. எங்க பாட்டன் சொன்னதை நான் நம்புறேன். ரெண்டும் நம்பிக்கைதானே?" உங்களுக்குப் பதில் வரவில்லை. அதனால் அறிவியல் ஆதாரத்தில் நிற்கிறதா, நம்பிக்கையில் நிற்கிறதா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது அறிவியல் எதில் நிற்கிறது என்பதைவிட, நீங்கள் எதில் நிற்கிறீர்கள் என்பதுதான் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் நானே கண்டது எவ்வளவு, அடுத்தவர் சொல்லிக் கேட்டது எவ்வளவு? அங்கிருந்து தொடங்குகிறேன்.

பெரியப்பாவுக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுவோம். நான் ஒரு கலைக் கல்லூரியில் 29 வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கரும்பலகையில் எழுதிப்போட்டவற்றில் என் கையால் அளந்து பார்த்தவற்றைக் கணக்கெடுத்தால் ஒரு நாற்பது பக்க நோட்டு நிறையாது. ஈர்ப்பு முடுக்கம், சோடியம் விளக்கின் அலைநீளம், சில கம்பிகளின் மின்தடை, யங் குணகம் என்று பழகிய சோதனைகள்தான். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வருடாவருடம் சொன்னேன், ஒருநாளும் அளந்ததில்லை. புரோட்டானின் நிறையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், அதையும் அளந்ததில்லை. இந்தத் துறையில் பெரிய பெயர்களின் நிலைமையும் இதுதான். தன் சின்ன மூலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிறர் சொல்லித்தான் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். வேறு வழி கிடையாது, ஒரு ஆயுள் போதாது.

இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. அறிவு வந்து சேரும் வழிகளை நம் பழைய தருக்கக்காரர்கள் அளவை என்றார்கள். சைவ சித்தாந்திகள் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாக அடக்கினார்கள். நேரில் பார்ப்பது, பார்த்ததிலிருந்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்வது. கேட்டறிவதையும் முறையான வழியாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சிக்கல் தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல் ரெண்டு வேலை பார்ப்பதில் இருக்கிறது. பால்காரர் தண்ணீர் கலக்கமாட்டார் என்பதும் நம்பிக்கை, முருகன் கைவிடமாட்டான் என்பதும் நம்பிக்கை. முதலாவதில் சந்தேகம் வந்தால் ஒரு லாக்டோமீட்டரைப் பாலில் போட்டுப் பார்க்கலாம், பால்காரரையும் மாற்றலாம். இரண்டாவதில் அப்படிச் செய்வது பக்தியாகாது என்று பெரியப்பாவே சொல்வார். சோதனை என்ற சொல்லைப் பாருங்கள். வீட்டில் கஷ்டம் வந்தால் "ஆண்டவன் சோதிக்கிறான்" என்கிறோம். அங்கே சாமி நம்மைச் சோதிக்கிறது, நாம் சாமியைச் சோதிப்பதில்லை. ஆய்வகத்தில் அது தலைகீழ். அங்கே சோதனைக்கு உட்படுவது சொல்லப்பட்ட விஷயம், சொன்னவர் நியூட்டனாக இருந்தாலும்.

அப்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். நம் ஆய்வகங்களில் நடப்பது வேறு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு நேரில் தெரிந்த ஆதாரமும் நம்பிக்கையும் அங்கேதான் இருக்கின்றன.

தனி ஊசல் சோதனையைப் பள்ளியில் செய்திருப்பீர்கள். நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, 20 அலைவுக்கு எத்தனை நொடி என்று ஸ்டாப் வாட்சில் பார்த்து, ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுவது, அதாவது கீழே விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி எவ்வளவு கூடுகிறது என்பதை. புத்தகத்தில் அது ஏறக்குறைய 9.8. நீளம் ஒரு மீட்டர் என்றால் 20 அலைவுக்கு ஏறக்குறைய 40 நொடி ஆகும். கட்டைவிரல் பொத்தானை 0.2 நொடி முன்பின்னாக அழுத்தினால் போதும், விடை 0.1 அளவுக்கு நகர்ந்துவிடும். ஆக, 16 பேர் நேர்மையாக அளந்தால் 9.7-க்கும் 9.9-க்கும் இடையே விடைகள் சிதறிக் கிடக்க வேண்டும். என்னிடம் வந்த பேட்சுகளில் அப்படிச் சிதறியதே இல்லை. பதினைந்து பேருக்கு அச்சடித்த மாதிரி 9.80, 9.81. புத்தகத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதியிருப்பார்கள். மாணவர்கள் இதை 'குக் பண்றது' என்பார்கள். சமையல் என்றாவது நன்றாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பூமி சுழல்வதாலும் நடுவில் பருத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் முடுக்கம் குறைவு. தமிழ்நாட்டில் அது 9.78 தான். 9.81 என்பது லண்டன் பக்கத்து மதிப்பு. நம்மூரில் கல் அங்கே விழுவதைவிடக் கொஞ்சம் சோம்பலாகத்தான் விழுகிறது. பிள்ளைகள் மதுரையில் உட்கார்ந்துகொண்டு லண்டனின் ஈர்ப்பை அளந்து காட்டுகிறார்கள், நாமும் மார்க் போடுகிறோம்.

பதினாறாவது ஒரு மாணவி. 9.55 என்று எழுதியிருந்தாள். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "புத்தகத்தில் 9.8 இருக்கேம்மா" என்று சொல்லி மார்க்கைக் குறைத்தார். பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது. அன்று சாயங்காலம் அவளுடைய ரீடிங்குகளை எடுத்துப் பார்த்தேன். நூல் நீளம் 60 செ.மீ. இருந்தபோது அவளுக்கு வந்த விடை 9.46. 100 செ.மீ.-க்கு 9.59. நீளம் குறையக் குறைய விடையும் குறைந்தது. கை தடுமாறினால் பிழை இப்படி ஒரே பக்கமாக ஒழுங்காகப் போகாது. வரைபடத் தாளில் நீளத்தையும் அலைவுநேரத்தின் வர்க்கத்தையும் புள்ளி வைத்தேன். புள்ளிகள் நேர்கோட்டில்தான் விழுந்தன, ஆனால் கோடு பூஜ்யத்தின் வழியாகப் போகவில்லை. நீள அச்சில் பூஜ்யத்துக்கு 2 செ.மீ. கீழே போய் வெட்டியது. கோட்டின் சாய்விலிருந்து கணக்கிட்டால் விடை 9.8-க்குப் பக்கத்தில் வந்தது. மறுநாள் கூப்பிட்டு, "கொக்கி வரைக்கும்தான் அளந்தியா?" என்று கேட்டேன். "ஆமா சார்" என்றாள். குண்டின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். கொக்கியிலிருந்து அது சரியாக 2 செ.மீ.

அவளுடைய தவறு அவளுடைய எண்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது, சரியான விடையும் சேர்த்து. மற்ற பதினைந்து பேரின் நோட்டுகளில் புத்தகத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஆதாரம் என்று நான் சொல்வது அவளுடைய ரீடிங்கை. நாம் எதிர்பார்க்காத ஒன்றை நம்மிடம் சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும், நமக்குப் பிடிக்காவிட்டாலும். பெரியப்பா கேலி செய்கிற நம்பிக்கையும் இருக்கத்தான் செய்கிறது, அந்தப் பதினைந்து நோட்டுகளில். நம் படிப்பு பெரும்பாலும் அதைத்தான் வளர்க்கிறது என்பதால் அவர் மேல் முழுக்கத் தப்பு சொல்ல முடியாது.

இப்போது எலக்ட்ரானுக்கு வருவோம். பார்த்திருக்கியா என்ற கேள்வி பெரியப்பாவுக்கு மட்டும் தோன்றியதில்லை. வியன்னாவில் எர்ன்ஸ்ட் மாக் என்ற பெரிய இயற்பியலாளர் இருந்தார். ஒலியைவிட வேகமாகப் போகும் விமானத்தின் வேகத்தை மாக் எண்ணில் சொல்கிறோமே, அவர்தான். யாராவது அணுவைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஒன்றையாவது பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்பாராம். வேதியியலில் நோபல் வாங்கிய ஆஸ்ட்வால்டும் ரொம்ப காலம் அதே கட்சி. அணு என்பது கணக்குக்கு வசதியான ஒரு கற்பனை, அவ்வளவுதான் என்று வாதிட்டார். இவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அன்றைக்கு இருந்த ஆதாரத்துக்கு அந்தச் சந்தேகம் நியாயமானதே.

அதை அசைத்தவர்களில் முக்கியமானவர் பாரிஸில் இருந்த ழான் பெரான். மரப்பிசினை அரைத்து ஒரே அளவுள்ள நுண்துகள்களாகப் பிரித்து, தண்ணீரில் விட்டு, நுண்ணோக்கியில் அடுக்கடுக்காக எண்ணினார். மலை மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைவதுபோல, தண்ணீருக்குள் மேலே போகப் போகத் துகள்கள் குறைந்தன. அது குறையும் விதத்திலிருந்து அவகாட்ரோ எண்ணை, அதாவது ஒரு குறிப்பிட்ட அளவுப் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதை, கணக்கிடலாம். துகள்கள் தண்ணீரில் தள்ளாடி அலைவதை அளந்தும் கணக்கிடலாம், அதற்கான சூத்திரத்தை ஐன்ஸ்டைன் 1905-ல் கொடுத்திருந்தார். வானம் நீலமாக இருப்பதிலிருந்து ஒரு வழி உண்டு. ரேடியத்திலிருந்து வெளிவரும் ஹீலியத்தை அளப்பது இன்னொன்று. இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துக்கும் மேற்பட்ட வழிகள். எல்லாம் 6-ஐயோ 7-ஐயோ போட்டு அதன் பின்னால் 23 பூஜ்யம் வருகிற எண்ணில் போய் நின்றன. அணு என்று ஒன்று இல்லையென்றால், மரப்பிசினும் நீல வானமும் ரேடியமும் கூடிப் பேசி ஒரே பொய்யைச் சொல்லியிருக்க வேண்டும். 1909 வாக்கில் ஆஸ்ட்வால்ட் அணுவை ஏற்றுக்கொண்டார். மாக் மனதார ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. அப்போதும் யாரும் அணுவைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காண்டல் இல்லை, கருதல்தான். ஆனால் பல திசையிலிருந்து வந்து ஒரே இடத்தில் சந்திக்கும் கருதல். பல சாட்சிகளைத் தனித்தனியாக விசாரிக்கும் வக்கீலுக்கு இதன் பலம் தெரியும்.

எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த கதையில் விஞ்ஞானிகளின் குறையும் வெளிப்படுகிறது, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் மிதக்கவிட்டு மின்னூட்டத்தை அளந்தார் அமெரிக்காவின் மில்லிகன். 1913 கட்டுரையில் 58 துளிகளின் கணக்கைக் கொடுத்து, இவை பொறுக்கி எடுத்தவை அல்ல, 60 நாளில் சோதித்த எல்லாத் துளிகளும் இவைதான் என்று எழுதினார். பிற்காலத்தில் அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பிரித்துப் பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட துளிகள் இருந்தன. சிலவற்றின் ஓரத்தில் "அழகு, இதை வெளியிடு" என்கிற மாதிரி குறிப்புகள். நோபல் பரிசு வாங்கிய ஆள், பாருங்கள். விட்டுப்போன துளிகளைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் விடை பெரிதாக மாறவில்லை என்பது அவர் அதிர்ஷ்டம். "எல்லாத் துளிகளும்" என்று எழுதியது மட்டும் தவறுதான், அதற்குச் சப்பைக்கட்டு வேண்டாம்.

அதைவிடச் சுவாரஸ்யமானது, அவருடைய விடையே சுமார் 0.6 சதவீதம் குறைவு. காற்றின் பாகுநிலைக்கு, அதாவது நகரும் துளியைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு, அவர் எடுத்துக்கொண்ட எண் பிசகு. அடுத்த பல வருடங்கள் அந்த விடையே ஆட்சி செய்தது. அதைப் பிடித்தது எண்ணெய்த் துளிக்குப் பக்கத்திலேயே போகாதவர்கள். எக்ஸ் கதிரின் அலைநீளத்தைப் புது முறையில் அளந்து, படிகத்தில் அணுக்களின் இடைவெளியைக் கண்டு, அதிலிருந்து மின்னூட்டத்தைக் கணக்கிட்டார்கள். எண் ஒத்துப்போகவில்லை. யார் தவறு என்று கொஞ்ச காலம் இழுபறி. 1930-களில் காற்றின் பாகுநிலையை மறுபடி அளந்தபோது பிழை அகப்பட்டது. ஆக, தனி மனிதரின் யோக்கியதையை நம்பி இந்தக் கட்டடம் நிற்கவில்லை. வேறொரு வாசல் வழியாக, வேறொரு கருவியோடு, உங்களைப் பற்றி அக்கறையே இல்லாத ஒருவர் வந்து சேருவார். அவருடைய எண் உங்களுடையதோடு மோதும். எலக்ட்ரானை நான் ஏற்றுக்கொள்வது இந்த ஏற்பாட்டின் மேல் உள்ள நம்பிக்கையால்தான். அதை நம்பிக்கை என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பால்காரர் வகை நம்பிக்கை.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. இனிமேல் தரை அவ்வளவு உறுதியில்லை.

ஆதாரம் வருவதற்கு முன்னால் ஒருவர் எதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறார்? யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை என்றபோது, பிரான்சின் வானியலாளர் லெ வெரியே நியூட்டனின் விதி தவறாக இருக்குமோ என்று யோசிக்கவில்லை. விதி சரிதான், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இழுக்கிறது என்று முடிவு செய்து, அது எங்கே இருக்கும் என்றும் கணக்கிட்டார். பெர்லின் வானாய்வகத்துக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23 இரவு அங்கே தொலைநோக்கியைத் திருப்பினார்கள். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. அப்புறம் புதன் கோளிலும் ஒரு பிசகு தென்பட்டது. மிகச் சின்னப் பிசகு, அந்த வேகத்தில் ஒரு பாகை நகர 8,000 வருடத்துக்கு மேல் ஆகும். அவர் அதே தருக்கத்தைப் போட்டார். சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கோள் இருக்கிறது என்று 1859-ல் சொன்னார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. ஒரு கிராமத்து மருத்துவர் பார்த்தேன் என்றார், கிரகணத்தின்போது பார்த்தோம் என்று வேறு சிலரும் சொன்னார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. இந்த முறை விதியில்தான் குறை இருந்தது, 1915-ல் ஐன்ஸ்டைன் அந்தக் கணக்கை நேர் செய்தார். லெ வெரியே வல்கனை நம்பியபடியே 1877-ல் இறந்தார். தேதி செப்டம்பர் 23, நெப்டியூன் அகப்பட்ட அதே நாள்.

ஒரே ஆள், ஒரே நம்பிக்கை, ஒருமுறை கோள் கிடைத்தது, ஒருமுறை கானல் நீர். விதியைச் சந்தேகிப்பதா, கோளைத் தேடுவதா என்பதை அந்த நேரத்து ஆதாரம் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது. அங்கே வேலை செய்தது அனுபவம், துணிச்சல், கொஞ்சம் பிடிவாதம். ஆராய்ச்சி செய்கிற எவருக்கும் இது வேண்டும், இல்லையென்றால் முதல் தடுக்கலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் அறிவியலில் நம்பிக்கையே இல்லை என்று யாராவது மேடையில் முழங்கினால் நான் கைதட்டமாட்டேன்.

இன்னும் கீழே தோண்டினால் பெரியப்பா ஜெயிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. நேற்று வரை விழுந்த கல் நாளைக்கும் விழும் என்பதற்கு என்ன ஆதாரம்? இதுவரை விழுந்திருக்கிறது என்றால், இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுதான் அந்தப் பதிலைச் சொல்கிறோம். ஸ்காட்லாந்தின் தத்துவவாதி டேவிட் ஹியூம் 18-ம் நூற்றாண்டில் கேட்ட கேள்வி. கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்ற நம் பழைய சார்வாகர்கள் கருதல் அளவையையே ஏற்க மறுத்தபோதும் இந்த முடிச்சைத்தான் தொட்டார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இதற்கு இன்றுவரை இல்லை. என்னிடமும் இல்லை. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: உலகம் நாளைக்கும் இதே ஒழுங்கில் ஓடும் என்பதைப் பெரியப்பாவும்தான் ஏற்கிறார். பேருந்தில் ஏறும்போது, தோசைக்கல்லில் மாவை ஊற்றும்போது, பிரேக்கை அழுத்தும்போது. அது அறிவியலின் தனிச் சொத்து கிடையாது. அதற்கு மேல் அவர் வைக்கும் நம்பிக்கை வேறு வகை. அது தவறு என்று நிரூபிக்கும் கருவி எதுவும் இயற்பியலில் இல்லை.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நான் பேசுவது இயற்பியலை வைத்து. அங்கே எல்லா எலக்ட்ரானும் ஒரே மாதிரி, அளப்பது சுலபம். மனிதர்களை ஆராயும் துறைகளில் நிலைமை இவ்வளவு சொகுசாக இல்லை. உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவு 2015-ல் வெளிவந்தது. முன்பு கண்ட விளைவு தெளிவாகத் திரும்பக் கிடைத்தவை சுமார் 36 சதவீதம்தான். "விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்" என்று வாட்சப்பில் வருவதையெல்லாம் எலக்ட்ரான் அளவுக்கு ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. அந்த 36 என்ற எண்ணைக் கண்டுபிடித்து வெளியிட்டவர்களும் அதே துறைக்காரர்கள்தான் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பெரியப்பாவிடம் எலக்ட்ரானைப் பற்றி வாதாட வேண்டாம். கோயிலைப் பற்றி வேண்டவே வேண்டாம், நீங்கள்தான் அந்தச் சண்டையை ஆரம்பித்தீர்கள். ஒரு நூலும் பழைய பூட்டும் எடுத்துக்கொண்டு, ஆணியில் ஒரு மீட்டர் நீளத்துக்குத் தொங்கவிடுங்கள். லேசாக ஆட்டிவிட்டு, போனில் நேரம் பார்க்கும் வேலையை அவரிடம் கொடுங்கள். 20 அலைவுக்கு 40.2 நொடி வர வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். 41 என்று வந்தால் 41 என்றே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நியூட்டனைச் சந்தேகப்படுவதற்கு முன்னால், பூட்டின் வளையம் வரைதான் அளந்தீர்களா, நடுப்பகுதி வரை அளந்தீர்களா என்று பாருங்கள்.